கல்யாண மேஜையில் முப்பது மீன்கள்

சைஃபன் குழாயை வாயில் தண்ணீர் ஏறாமல் உறிஞ்சுவது எப்படி, கண்ணாடியில் கீறல் விழாமல் பாசியைச் சுரண்டுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மீன்தொட்டி சுத்தம் செய்யும் இந்தத் தொழிலில் பாதியைச் செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதனால் அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நான் செய்த தப்புகளைச் சொல்கிறேன். அவற்றை நீங்கள் திரும்பச் செய்ய வேண்டாம். புதிதாகச் செய்வதற்கு இன்னும் நிறையத் தப்புகள் பாக்கி இருக்கின்றன, கவலைப்படாதீர்கள்.

நான் பட்டினப்பாக்கத்துப் பெண். பெயர் பிலோமினா. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் பிலோ அக்கா என்றால்தான் தெரியும். எங்கள் வீட்டில் மீன் என்றால் குழம்பு, வறுவல், கருவாடு. அம்மா கடற்கரையோரம் மீன் கடை போட்டிருந்தது. நான் வீடு வீடாகப் போய் மீன்தொட்டி சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும், கையில் இருந்த சங்கரா மீனை வெட்டாமல் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"மீனுக்கு வூடு பெருக்கப் போறியா?"

"ஆமாம்மா."

"நல்லா இருடி. நான் இங்க செத்த மீனை வித்துக்கினு கீறேன். நீ உசுரோட கீற மீனுக்கு வேலைக்காரி."

அம்மா கிண்டல் செய்தாலும் ஒன்று மட்டும் உண்மை. மீனை முகர்ந்து பார்த்தே அது எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுகிற வீட்டில் பிறந்தவள் நான். அந்த மூக்கை வைத்துத்தான் இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் ஓட்டினேன். அந்த மூக்கே ஒருநாள் என்னைக் கைவிட்ட கதைதான் இது. அதற்கு முன்னால், என் முதல் தப்பையும் சொல்லிவிடுகிறேன். சின்னதுதான்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. கடைக்கார அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். பில் போடும் மேஜையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, அதில் ஒரே ஒரு ஃபைட்டர் மீன். பெட்டா என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நம்ம ஊரில் ஃபைட்டர் என்றால்தான் கடைக்காரருக்கே புரியும். தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. எனக்குப் புதுசு, வேகம். மீனை ஒரு டம்ளரில் விட்டேன். தொட்டியையும் கூழாங்கல்லையும் தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்சையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். வைரம் மாதிரி மின்னியது. மறுநாள் காலையில் அண்ணாச்சி போன் பண்ணினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"என்ன தாயி, துணியோட சேத்து மீனையும் தொவைச்சிட்டியளோ?"

மீன் பக்கவாட்டில் படுத்திருந்தது. பிழைக்கவில்லை. கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பது ஒன்று, மீனுக்குச் சுத்தமாக இருப்பது வேறொன்று என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனால் ஒரு தடவை புரிந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன்.

பல வருஷம் கழித்து நித்யா வந்தாள். வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடியில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த பெண். மேஜையில் ஒரு ஃபைட்டர் வளர்த்தாள். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ராஜா அண்ணாமலைபுரத்தில் மண்டபம். வரவேற்பு அன்றைக்குச் சாப்பாட்டு மேஜை ஒவ்வொன்றிலும் பூங்கொத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடிக் குடுவையில் ஒரு ஃபைட்டர் மீன் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. முப்பது மேஜை, முப்பது மீன். விருந்து முடிந்ததும் வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு லிட்டர் குடுவையில், பாட்டுச் சத்தத்துக்கும் கேமரா வெளிச்சத்துக்கும் நடுவில் மீனை வைப்பது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்ட விதம் அப்படி. "அக்கா, நீங்க இருந்தா பயமில்லை" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக நாம் எத்தனை தப்பான வேலையை ஒப்புக்கொள்கிறோம்! ஒரு மாலைப் பொழுதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "கல்யாண மண்டபத்துல மீனா? எலையில வெக்காம மேசையில எதுக்கு வெக்கிறாங்க?" என்று கேட்டது.

வரவேற்பு மாலை ஆறரைக்கு. நான் இரண்டு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். கொளத்தூரிலிருந்து மீன்கள் தனித்தனிப் பையில் வந்து சேர்ந்தன. சிவப்பு, நீலம், வெள்ளை, மயில்கழுத்து நிறம். அலங்காரம் செய்ய வந்த சந்துரு, பையனைப் போலிருக்கும் நாற்பது வயசுக்காரர், குடுவைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். மண்டபம் முழுக்கச் சம்பங்கி. அந்த வாசனையில் வேறெதுவும் மூக்கில் ஏறவில்லை.

மேனேஜரிடம் கேட்டேன். "சார், குழாய்ல வர்றது எந்தத் தண்ணி?"

"போர் தண்ணிதாம்மா. நம்ம மண்டபத்துல எப்பவும் போர்தான்."

போர் என்றால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதில் பிளீச்சிங் பவுடர் இருக்காது. குளோரினை முறிக்கிற மருந்து தேவையில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஏனென்றால் என் பையில் இருந்த மருந்து பாட்டில் காலி. காலி என்று காலையிலேயே தெரியும். போகிற வழியில் வாங்கலாம் என்று நினைத்து, வாங்காமல் வந்திருந்தேன். அவர் போர் தண்ணி என்று சொன்னபோது நான் அதை நம்பவில்லை, நம்ப ஆசைப்பட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

குடுவைகளை நிரப்பினேன். மூன்றரை மணிக்கு மீன்களை விட்டேன். சந்துரு கைதட்டினார். "சூப்பர்க்கா! ஒவ்வொண்ணும் பட்டுப்புடவை மாதிரி இருக்கு!"

பதினைந்து நிமிஷம் இருக்கும். எட்டாவது மேஜையில் இருந்த வெள்ளை மீன் குடுவைக்குள் மேலும் கீழும் அம்பு மாதிரிப் பாய்ந்தது. குஷியில் ஆடுகிறது என்று சந்துரு செல்போனில் படம் பிடித்தார். பக்கத்து மேஜையைப் பார்த்தேன். சிவப்பு மீன் துடுப்பைச் சுருக்கி, வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த மேஜையிலும் அதே. முப்பதும் ஒரே நேரத்தில் தவித்தால் அது மீனுடைய கோளாறு இல்லை, தண்ணீருடைய கோளாறு.

பின்பக்கம் ஓடினேன். அங்கே ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. மண்டபத்துத் தொட்டிக்குள் குழாய் விட்டு ஊற்றிக்கொண்டிருந்த டிரைவர், என்னைவிடப் பத்து வயசு சின்னவர், பீடியைக் காதில் சொருகியிருந்தார்.

"இது எத்தனையாவது லோடு?"

"ரெண்டாவது. காத்தால ஒண்ணு ஊத்துனேன். போர் மோட்டார் பூட்ச்சாம்ல."

"பிளீச்சிங் போட்ட தண்ணியா?"

"இன்னிக்குக் கொஞ்சம் ஓவராவே போட்டுக்கீறாங்க. மூக்காண்ட வெச்சுப் பாரு."

குழாயின் கீழே கையை நீட்டி முகர்ந்தேன். கண் எரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். மேனேஜரிடம் கேட்டேனே, போர் என்றாரே என்று புலம்பினேன். டிரைவர் குழாயை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

"மேனேஜராண்ட கேட்டே, சரி. தண்ணியாண்ட கேட்டியா?"

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே குருவாக்கியம் அதுதான். மேனேஜர் பொய் சொல்லவில்லை, பாவம். காலையில் மோட்டார் கெட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சொட்டைக் கையில் எடுத்து முகர்ந்திருக்க வேண்டியது நான்.

திரும்ப ஓடினேன். ஓடும்போதே யோசித்தேன். பயம் வந்தால் ஒரே நேரத்தில் பத்து காரியம் செய்யத் தோன்றும். முதலில் எது என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில், அந்தத் தண்ணீரிலிருந்து மீனை வெளியே எடுக்க வேண்டும். எதில் போடுவது? எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும், பெயரே ஃபைட்டர். முப்பது தனிப் பாத்திரம் வேண்டும்.

சமையற்கட்டில் பாயாசக் கப்புகள் அடுக்கி வைத்திருந்தார்கள். குடிக்கிற கேன் தண்ணீரும் இருந்தது. கேன் தண்ணீரில் பிளீச்சிங் கிடையாது. ஆனால் சத்தெல்லாம் வடிகட்டின வெறும் தண்ணீர். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் நம்ப முடியாது. நான் கப்பை எடுத்ததும் சமையல் மாஸ்டர் கத்தினார்.

"ஏம்மா, அது பால் பாயாசத்துக்கு!"

"மாஸ்டர், முப்பது உசுரு."

அவர் சுத்த சைவம். "மீனை நான் தொடமாட்டேன். தண்ணி ஊத்தித் தரேன்" என்று சொல்லிவிட்டு, கரண்டியால் ஒவ்வொரு கப்பாக ஊற்ற ஆரம்பித்தார். பந்தி பரிமாற வந்த இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து நிமிஷத்தில் முப்பது மீனும் கப்புக்கு மாறின. அதற்குள் இரண்டு போய்விட்டன. முதலில் துள்ளிய அந்த வெள்ளை மீன், அப்புறம் ஒரு நீலம்.

சந்துருவின் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, குடுவையில பூவைப் போட்டு நிரப்பிடலாம். மீனைப் பத்திப் பேச்சே எடுக்க வேண்டாம். பொண்ணு மேக்கப்ல இருக்கு, யாரும் சொல்லாதீங்க" என்றார்.

அவர் கெட்ட மனசில் சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் மீன் அவளுடையது. தப்பு என்னுடையது. நடுவில் பூவைப் போட்டு மூட எனக்கென்ன உரிமை?

மணப்பெண் அறைக்குப் போனேன். ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருந்தார்கள்.

"நித்யா, நான் தண்ணியைப் பாக்காம ஊத்திட்டேன். பிளீச்சிங் தண்ணி. ரெண்டு மீன் செத்துப்போச்சு. இருபத்தெட்டு இருக்கு. காப்பாத்த ஒரு வழி இருக்கு, ஆனா இப்பவே அடையாறு போயாகணும். அங்க ஒரு தொட்டித் தண்ணி இருக்கு, பழுப்பா இருக்கும். மேசையில அழகா இருக்காது."

அவள் கண் நிறைந்தது. மேக்கப் போடுகிற அம்மா பதறி, "மேடம், அழாதீங்க, மை கரைஞ்சிடும்!" என்றார்.

நித்யா மேலே விட்டத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். "அழகு கெடக்குது, அக்கா. இங்க நின்னு என் மூஞ்சியப் பாத்துட்டிருக்காதீங்க. போங்க!"

அடையாறில் எனக்கு ஒரு பல் டாக்டர் அம்மா வாடிக்கை. அவர் கிளினிக்கில் நாலடித் தொட்டி ஒன்று உண்டு. பல வருஷமாக நான் பார்த்து வந்த தொட்டி. வாரம் இரண்டு வாதாம் இலையைக் காயவைத்துப் போட்டு, இலைச்சாறு இறங்கிப் பழுப்பான அந்தத் தண்ணீரை நன்றாகப் பழக்கி வைத்திருந்தேன். வெந்துபோன செவுளோடு தவிக்கிற மீனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. போன் பண்ணினேன்.

"டாக்டர், பிலோ பேசறேன். உங்க தொட்டியில இருந்து மூணு கேன் தண்ணி வேணும்."

"குடிக்கவா?"

"இல்ல டாக்டர், கல்யாணத்துக்கு."

"ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சிருக்கேன். நீங்களே வந்து எடுத்துக்குங்க" என்று வைத்துவிட்டார்.

காலிக் கேன் மூன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் ஆட்டோ ஒன்றும் இல்லை. முகூர்த்த நாள். லாரி டிரைவர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா?"

"அடையாறு."

"ஏறு."

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சவாரி போனதில்லை. சென்னையில் ஆம்புலன்ஸுக்கு வழி விட யோசிப்பவன்கூடத் தண்ணீர் லாரிக்கு ஒதுங்கிவிடுவான். அடையாறு பாலத்தில் அவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முன்னால் போன பஸ்ஸே ஒதுங்கியது. "மெதுவா போப்பா, மீனைக் காப்பாத்தப் போய் நாம போய்ச் சேந்துடப் போறோம்" என்றேன். "நீ கேனைப் புடிச்சுக்கோக்கா" என்றார். கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லாரும் பல்வலியை மறந்து என்னைப் பார்த்தார்கள். அறுபது லிட்டரை சைஃபன் போட்டு எடுத்துக்கொண்டு, அதே லாரியில் திரும்பினேன். போகவர நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை. எல்லாரும் அவசரத்தில் இருக்கும்போது நிதானமாக இருக்க வேண்டிய வேலை. ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்கு மீனைத் தடாலென்று மாற்றினால் அதுவே இன்னொரு அதிர்ச்சி. கப்பில் இருந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊற்ற வேண்டும். இருபத்தெட்டு கப்பு. சந்துரு கடிகாரத்தைப் பார்த்தபடி, "மொத்தமா ஊத்திடலாம்க்கா, ஜனங்க வந்துட்டாங்க" என்று அரித்துக்கொண்டே இருந்தார். நான் ஸ்பூனை விடவில்லை. மாஸ்டரும் அந்த இரண்டு பெண்களும் என்னோடு சேர்ந்து ஸ்பூனால் ஊற்றினார்கள். குடுவைகளைக் கழுவித் துடைத்துப் பழுப்புத் தண்ணீரை நிரப்பினோம். ஆறு ஐம்பதுக்குக் கடைசி மீன் குடுவைக்குள் இறங்கியது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் துடுப்பை விரித்தது. நான் பாயாச அண்டாவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் ஒரு கப்பில் பாயாசம் ஊற்றிக் கொடுத்தார். அதற்கு முன் அந்தக் கப்பில் மீன் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

முதல் பந்தி உட்கார்ந்தது. மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், நித்யாவின் அப்பாவுக்குச் சினேகிதர், குடுவையைக் கிட்டே இழுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"பானகம்னு நெனைச்சேன். உள்ளே யாரோ இருக்காளே!"

மேஜை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பழுப்பு நிறம் வெள்ளை விரிப்பின் மேல் தேன் மாதிரி இருந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள். சந்துரு, அது தன்னுடைய யோசனை என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் ஒரு நோட்டோடு நின்றேன். மீன் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு நாளைக்குள் பத்து லிட்டராவது பிடிக்கிற தொட்டிக்கு மாற்றுவேன் என்று சொல்லி, போன் நம்பர் எழுதித் தந்தால்தான் கொடுப்பேன். கல்யாண வீட்டில் இப்படிக் கறாராக நிற்பது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. பதினேழு பேர் எழுதினார்கள். மிச்சம் பதினொன்றை டாக்டர் கிளினிக்கிலும் கொளத்தூரிலும் சேர்த்தேன். அந்தப் பதினேழு பேரும் அடுத்த ஒரு மாதம் என்னைத் தூங்கவிடவில்லை.

அதில் முதல் ஆள், பானகப் பெரியவர்தான். பத்தாம் நாள் போன். மீன் வெளிறிப்போய் மூலையில் கிடக்கிறதாம். மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். தொட்டி கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு உடனே தி.நகர் அண்ணாச்சி ஞாபகம் வந்துவிட்டது.

"மாமா, தண்ணி எப்ப மாத்தினீங்க?"

"தினம் மாத்தறேனே! காத்தால குளிச்சுட்டு வந்து, மொத்தத் தண்ணியும் கொட்டி, அந்த ஸ்பாஞ்சையும் குழாயடியில வெச்சு நன்னா அலசிண்டுதான் மறுகாரியம். ஒரு ஜீவனை அழுக்குல வெச்சுண்டு நான் எப்படிச் சாப்பிடறது?"

அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட மனசு வராது. தப்பு செய்கிற வாடிக்கையாளரில் முக்கால்வாசிப் பேர் அன்பினால்தான் தப்பு செய்கிறார்கள். அதனால் 'நீங்கள்தான் கொன்றுகொண்டிருக்கிறீர்கள்' என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். நான் சமையலறைப் பக்கம் திரும்பி மாமியைக் கேட்டேன்.

"மாமி, தயிருக்கு உறை ஊத்தாம, தினமும் பாத்திரத்தைப் பளபளன்னு தேச்சு வெறும் பாலை வெச்சா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? பாலாவே கெட்டுப்போகும்."

"இந்த ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் இருக்கிற வழவழப்புதான் மாமா உறை. மீன் போடற அழுக்கை அதுதான் தின்னுட்டுத் தண்ணியைக் காப்பாத்துது. நீங்க தினமும் உறையைக் கழுவிக் கொட்டிடறீங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துங்க. முந்தின நாளே பக்கெட்டுல புடிச்சு வெச்சு, மருந்து ஒரு சொட்டு விட்ட தண்ணி. ஸ்பாஞ்சை அந்தத் தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியிலயே லேசாப் பிழிங்க. சாப்பாடு ஒரு வேளைக்கு ரெண்டு குட்டி உருண்டை போதும். மிச்சம் கிடந்தா எடுத்துடுங்க."

மாமா யோசித்தார். மாமிதான் முந்திக்கொண்டார். "நாப்பது வருஷமா இவருக்கு உறை குத்தத் தெரியாது. மீனாவது கத்துக் குடுக்கட்டும்."

இரண்டு வாரத்தில் மீனுக்கு நிறம் திரும்பியது. மாமா தொட்டி பக்கத்தில் ஒரு காலண்டரை மாட்டி, தண்ணீர் மாற்றிய நாளில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். அந்தத் தயிர் உதாரணத்தை அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நீங்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மேஜை அலங்காரத்துக்கு மீன் தரும் வேலையை அதற்குப் பிறகு நான் ஒப்புக்கொண்டதில்லை. எத்தனை பேர் கேட்டும் இல்லை. செத்துப்போன அந்த இரண்டும் எனக்குக் கற்றுக் கொடுத்தது போதும்.

கடைசியாக ஒன்று. வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மழைக்காலம். வேளச்சேரி எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நித்யாவின் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அவளும் கணவரும் அவர்கள் வளர்த்த ஃபைட்டரும் இரண்டாவது மாடியில் மாட்டிக்கொண்டார்கள். கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. சார்ஜ் தீரப்போகிற போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஃபில்டர் நின்னுபோச்சு. தண்ணி மாத்துற நாளும் தாண்டிடுச்சு. குடிக்கிற கேன் ஒண்ணுதான் இருக்கு. அதை ஊத்தட்டுமா? மழைத்தண்ணி புடிச்சு ஊத்தட்டுமா? என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாதே."

"ஒண்ணுமேவா?"

"கேன் தண்ணியை நீங்க ரெண்டு பேரும் குடிங்க. அது மேல வந்து காத்தை முழுங்கிக்கிற மீனு, மோட்டார் இல்லாம இருக்கும். சாப்பாடு போடாதே. போடலைன்னா அழுக்கு இல்லை. மூடியை லேசாத் திறந்து வை. அவ்வளவுதான்."

ஏதாவது செய் என்று சொல்வது சுலபம். பயந்து போயிருக்கிற ஒருத்தரிடம் 'சும்மா இரு' என்று சொல்ல, உங்கள் தொழிலின் மேல் உங்களுக்கு நம்பிக்கை வேண்டும். அவள் சும்மா இருந்தாள். மூன்று நாள் எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. மழை விட்டதா என்று ஜன்னலையும், அவள் கூப்பிட்டாளா என்று போனையும் மாறி மாறிப் பார்த்தேன்.

நாலாம் நாள் காலையில் போன் வந்தது. நித்யாவுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் பக்கெட் உருளும் சத்தம், அக்கம்பக்கத்தார் கூச்சல்.

"அக்கா! தெருவுக்கு லாரி வந்துடுச்சு! ரெண்டு பக்கெட் தூக்கிட்டு மாடி ஏறியிருக்கேன். முகர்ந்து பாத்தேன், பிளீச்சிங் வாசனை பயங்கரமா இருக்கு. மருந்து விட்டு நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கட்டுமா?"

"மீன் எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு. என்னைப் பாத்தா ஓடி வருது, பசி. முதல்ல என்ன பண்ணணும் சொல்லுங்க."

"நாலு நாளா குளிச்சியா?"

"இல்லக்கா."

"முதல்ல நீ போய்க் குளி."